சென்சார், தணிக்கை, சான்று: குறும்படத்துக்கு எந்தச் சொல்?

“சார், என் படத்துக்கு யு கிடைக்குமா?” விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் மாணவர் ஒருவர் தன் பன்னிரண்டு நிமிடக் குறும்படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு முதலில் கேட்டது இதைத்தான். படம் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. விடைத்தாளை நீட்டி ‘பாஸ் ஆகிடுவேனா’ என்று கேட்கும் குரல் அது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சென்சார், தணிக்கை, சர்டிபிகேட், ரேட்டிங் என்று நான்கு வெவ்வேறு சொற்களை ஒரே பையில் போட்டுக் குலுக்கித்தான் அவர் கையில் கொடுத்திருக்கிறோம்.

சென்சார் ரோமாபுரிச் சொல். மதிப்பிடு, கருத்துச் சொல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அங்கே சென்சார் என்பது ஒரு பெரும் பதவி. குடிமக்களையும் அவர்கள் சொத்தையும் கணக்கெடுப்பது அவர் வேலை. சென்சஸ் என்ற சொல்லுக்கும் இதுவே வேர். பழைய தமிழில் அதைக் ‘குடிமதிப்பு’ என்பார்கள். எண்ணுவதும் மதிப்பிடுவதும் ஒன்றாக அடங்கிய அருமையான சொல், ஏனோ கைவிட்டுவிட்டோம். கணக்கெடுத்தவரிடமே ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் அதிகாரமும் இருந்தது. கி.மு. 184-இல் சென்சாராக இருந்த கேட்டோ, மனீலியஸ் என்பவரை செனட்டிலிருந்தே நீக்கினார். அவர் செய்த குற்றம், பட்டப்பகலில் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனைவியை அணைத்துக்கொண்டது. கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கும் கதை இது. நம் ஊர் முத்தக்காட்சிப் பஞ்சாயத்துகளுக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல் என்று தெரிகிறது.

தணிக்கை இன்னும் சுவாரசியமான சொல். ‘தணி’ என்ற வினையிலிருந்து பிறந்ததுபோல் காது ஏமாற்றும். காட்சியின் சூட்டைத் தணிப்பதால் தணிக்கை என்று மேடையில் விளக்கம் சொல்பவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பொருளில் வழங்கும் தணிக்கை, ‘தன்கீஹ்’ என்ற அரபுச் சொல் உருது வழியாக இங்கே வந்து தமிழ் உருக்கொண்டது. தெலுங்கில் ‘தனிகீ’ என்றால் சோதனை, கன்னடத்தில் ‘தனிகெ’ என்றால் விசாரணை. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நம்மிடம் அது முதலில் கணக்குப் பார்க்கும் சொல். இன்றும் கூட்டுறவுச் சங்கத்துக்கு ‘தணிக்கைக்கு வந்திருக்காங்க’ என்றால் யாரும் சினிமாவை நினைப்பதில்லை. அரபியில் அதன் அடிப்பொருள் வேண்டாத கிளையைக் கழித்துச் செப்பம் செய்வது. ஆகவே ‘வெட்டு’ என்ற பொருளில் சினிமாவுக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. வெட்டாமல் வயதை மட்டும் குறித்து அனுப்பும் வேலைக்குத்தான் பொருந்தவில்லை.

இந்த வேறுபாட்டை அரசே ஒப்புக்கொண்டு நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. 1952 திரைப்படச் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியத்தின் பெயரில் 1983 வரை ‘சென்சார்’ இருந்தது. அந்த ஆண்டு ஜூன் முதல் அதை எடுத்துவிட்டுச் ‘சான்றளிப்பு’ என்று மாற்றினார்கள். 1912-இல் தொடங்கிய பிரிட்டிஷ் வாரியமும் 1984-இல் தன் பெயரிலிருந்த சென்சாரைக் கழற்றி ‘வகைப்பாடு’ என்பதை மாட்டிக்கொண்டது. நம் செய்தித்தாள்கள் மட்டும் இன்னும் ‘தணிக்கை வாரியம்’ என்றே எழுதுகின்றன. வெட்டச் சொல்லும் அதிகாரம் வாரியத்திடம் இருக்கிறவரை அதுவும் பொய்யில்லை. வெட்டு விழுந்த படத்தின் சான்றிதழில் ஒரு சிறு முக்கோணம் இருக்கும். அடுத்த முறை தியேட்டரில் கவனித்துப் பாருங்கள்.

எழுத்துகளும் பிரிட்டனிலிருந்து வந்தவைதாம். அங்கே யு என்றால் ‘எல்லோருக்கும்’. நம் சட்டம் அதே எழுத்தைக் ‘கட்டுப்பாடற்ற பொதுக் காட்சி’ என்று விரிக்கிறது. ஏ வயதுவந்தோருக்கு. 1983-இல் பெற்றோர் துணையைக் கேட்கும் யு/ஏ-வும், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கான எஸ்-உம் சேர்ந்தன. 2023 திருத்தம் யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று: யு/ஏ எண்கள் பெற்றோருக்கான யோசனை மட்டுமே. யு/ஏ 13+ படத்துக்கு அப்பாவோடு வரும் பத்து வயதுப் பையனைத் தியேட்டர்காரர் தடுக்க முடியாது. ஏ படமென்றால் தடுத்தே ஆகவேண்டும்.

யு என்பதை மதிப்பெண்ணாக நினைக்கும் பழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் தனிக் காரணம் ஒன்று உண்டு. தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்கு 2006-இல் கேளிக்கை வரி விலக்கு வந்தது. 2011-இல் யு சான்றும் வேண்டும் என்ற நிபந்தனை அதோடு சேர்ந்தது. யு என்றால் காசு என்றாகிவிட்டது. 2017-இல் ஜிஎஸ்டி வந்து வரிக்கணக்கே மாறிய பிறகும், ‘க்ளீன் யு’ என்று போஸ்டரில் போடும் பெருமிதம் போகவில்லை. ஏ என்றாலே ‘அந்த மாதிரிப் படம்’ என்ற கிசுகிசுப்பும் போகவில்லை.

ரேட்டிங் என்ற சொல் இந்தக் குழப்பத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. அமெரிக்கத் திரைத்துறை 1968-இல் கொண்டுவந்த முறைக்கு அந்தப் பெயர். தமிழ்க் காதில் ரேட்டிங் என்றால் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். ‘தரமதிப்பீடு’, ‘தரப்படுத்தல்’ என்று மொழிபெயர்த்தால் நிலைமை இன்னும் மோசம். தரத்துக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்? ‘வயதுச் சான்று’ என்று சுருக்கினால் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்பதுபோல் ஆகிவிடும். என் பரிந்துரை: எண்ணையும் எழுத்தையும் குறிக்க ‘வயது வகை’, அதைப் பிரிக்கும் வேலைக்கு ‘வகைப்பாடு’, வாரியம் தரும் தாளுக்குச் ‘சான்று’. தணிக்கையை வெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

குறும்படம்தானே என்று யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம். இந்தியாவில் முன்தணிக்கை, அதாவது படம் திரைக்கு வருமுன்பே பார்த்துத் தணிக்கை செய்வது, பற்றிய பெரிய வழக்கே ஒரு சின்ன ஆவணப்படத்தால் வந்ததுதான். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டெல்லி நான்கிலும் பணக்காரரும் ஏழையும் வாழ்வதை எதிரெதிரே வைத்து இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் எடுத்த படத்துக்கு ஏ என்றார்கள். அவர் யு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். முன்தணிக்கை செல்லும் என்றுதான் 1970-இல் தீர்ப்பு வந்தது. ஆனாலும் ஒரு வயது வகைக்காக ஒரு மனிதர் அவ்வளவு தூரம் போனார்.

மாணவர் படத்துக்கு வருவோம். குடித்துவிட்டு வரும் அப்பா, கதவுக்குப் பின்னால் ஒளியும் எட்டாம் வகுப்புப் பையன், சமையலறைக் கத்தி ஒன்று, கெட்ட வார்த்தை ஒன்று. கத்தியால் யாரையும் குத்தவில்லை. ஆனால் காமிரா அதையே ஏழு விநாடி பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஓடிடி தளங்கள் தாமே வகைப்படுத்திக்கொள்ள 2021 விதிகள் சொல்லும் அளவுகோல்கள் இங்கே கைகொடுக்கும்: கருப்பொருள், வன்முறை, மொழி, போதை, பாலியல், நிர்வாணம், அச்சம். இதில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதைவிட, எவ்வளவு நேரம், எந்தத் தொனியில், யார் கண்வழியாக என்று பார்க்கவேண்டும். இந்தப் படம் முழுவதும் பையனின் கண்வழியாக ஓடுகிறது. குடி கவர்ச்சியாக இல்லை, அச்சமாக இருக்கிறது. நான் யு/ஏ 13+ என்றேன்.

“அந்த வார்த்தையை எடுத்துட்டா யு ஆகிடுமா சார்?” ஆகாது. அந்தக் கத்தி இருக்கிறதே. கத்தியையும் எடுத்தால் படத்தில் கதவு மட்டும்தான் மிஞ்சும். இதே மாதிரி வீட்டில் வளரும் எட்டாம் வகுப்புப் பையன் பார்க்கவேண்டிய படம் என்பது என் எண்ணம். அந்த வயதைத்தான் 13+ தொடுகிறது. ஆறு வயதுத் தங்கை பார்க்கவேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல அந்த ஒரு எண் போதும்.

வகுப்பில் போட்டுக்காட்ட வாரியச் சான்று தேவையில்லை. தியேட்டர் போன்ற பொதுக் காட்சிக்குத்தான் கட்டாயம். அதனால் முதல் பிரேமில் வாரியத்தின் சான்றிதழைப் போலவே முத்திரை, எண், கையெழுத்தெல்லாம் போட்டு அலங்கரிக்கவேண்டாம் என்றேன். அவர் ஏற்கெனவே அப்படி ஒன்று செய்துவைத்திருந்தார், நன்றாகவே செய்திருந்தார். அதை எடுத்துவிட்டுக் கறுப்புத் திரையில் இரண்டு வரி போட்டோம்: ‘வயது வகை: 13+ (படக்குழு தானே வகுத்தது). குடிப்பழக்கம், மிரட்டும் காட்சி, ஓரிடத்தில் வசைச்சொல் உண்டு.’