கல் குழம்பாகி எழுந்த மலை

"பௌர்ணமி நிலாவை பைனாகுலரில் பார்த்தேன். தெற்கு ஓரமாக ஒரு வெள்ளைப் பொட்டு, அதிலிருந்து நாலாபக்கமும் கோடுகள். அது என்ன?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அதுதான் டைக்கோ. 85 கி.மீ. அகலப் பள்ளம். விண்கல் மோதிய வேகத்தில் தெறித்த கல்லும் தூளும் விழுந்த தடங்களே அந்தக் கோடுகள். வயது சுமார் 10.8 கோடி ஆண்டுகள்; நிலாக் கணக்கில் இது குழந்தை. அதனால்தான் கோடுகள் இன்னும் மங்கவில்லை.

சரி, எனக்கு ஆசையான இடத்துக்கு வருகிறேன். பள்ளத்தின் நடுவே தரையிலிருந்து 2 கி.மீ. உயரத்துக்கு ஒரு மலை நிற்கிறது. குழி பறித்த இடத்தில் மலை எப்படி வந்தது?

மோதலின் அழுத்தத்தில் பாறை, பாறையாக நடந்துகொள்வதில்லை. கொஞ்ச நேரத்துக்குக் கூழ் மாதிரி ஓடுகிறது. ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு விழுவதைப் பாருங்கள். முதலில் குழி விழும், அடுத்த கணமே நடுவில் தண்ணீர் தூண் போல எழும்பும். டைக்கோவிலும் அமுங்கிய அடித்தரை அப்படித்தான் எகிறியது. ஆனால் எழும்பிய பாறை திரும்ப அடங்குவதற்குள் இறுகி, அப்படியே நின்றுவிட்டது. விளிம்புச் சுவர்களோ சரிந்து படிப்படியாக உட்கார்ந்தன. சின்னப் பள்ளங்களில் இந்த மலை கிடையாது. அவை வெறும் கிண்ணங்கள்.

இதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்தது என்பதற்கு உச்சியிலேயே சாட்சி இருக்கிறது. நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் எடுத்த படத்தில், சிகரத்தின் மேல் 120 மீட்டர் அகலப் பாறை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி, உருகி உறைந்து விரிசல் விட்ட கற்குழம்பு. மோதலில் நேர் மேலே வீசப்பட்ட குழம்பு கீழே வந்து விழுவதற்குள் மலை தயாராக நின்றிருந்தால்தானே அதன் தலையில் விழும்! முதல்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஆனால் மேலே சொன்ன வயது, டைக்கோவில் எடுத்த கல்லை வைத்துக் கணித்தது அல்ல. 2,000 கி.மீ.க்கு அப்பால் அப்போலோ 17 அள்ளிவந்த மண்ணிலிருந்து, 'அங்கிருந்த நிலச்சரிவு டைக்கோ சிதறல் பட்டு நேர்ந்தது' என்று வைத்துக் கணித்தது. 1968இல் சர்வேயர் 7 என்ற ஆளில்லா விண்கலம் டைக்கோ விளிம்புக்கு அருகே இறங்கியது. ஆனால் கல்லைப் பூமிக்குக் கொண்டுவரும் வசதி அதற்கு இல்லை. இப்போது நிலாவின் தென்துருவத்துப் பனியைத் தேடச் செலவிடுவது நியாயம்தான். அப்புறம் இந்த மலையடிவாரத்திலிருந்து ஒரு பிடி கல்லுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

மலையைப் பார்க்கப் பௌர்ணமி உதவாது, நிழலே இருக்காது. அஷ்டமி நவமியில் எதையும் தொடங்கக்கூடாது என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நிலா பார்க்கத் தொடங்க அவை அருமையான நாட்கள். டைக்கோவில் விடிவதே வளர்பிறை நவமியை ஒட்டித்தான். தசமியன்று சின்ன டெலஸ்கோப்பைத் திருப்புங்கள். பள்ளத்தின் ஒரு பக்கம் இருட்டாகக் கிடக்க, நடுவில் அந்த மலை மட்டும் வெயில் பட்டு மின்னும்.