பத்து பர்சென்ட்டுக்கு கீழ வந்துட்டா தப்பிச்சாச்சா?

யுனிவர்சிட்டி லைப்ரரில பிஎச்டி தீசிஸ்ல எத்தனை பர்சென்ட் மத்தவங்க எழுதினதோட ஒத்துப்போகுது, காப்பி அடிச்சிருக்கான்னு சாஃப்ட்வேர் வச்சு செக் பண்ற வேலை எனக்கு. வர்ற ஸ்காலர் எல்லாரும் "சார் எத்தனை பர்சென்ட்?"னுதான் கேப்பாங்க, எந்தப் பக்கத்துல வந்திருக்குன்னு கேக்குற ஆள் ரொம்ப அபூர்வம்.

யூஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி 10% வரைக்கும் தண்டனை இல்ல, 40 வரைக்கும் போனா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் கொடுக்கணும், 60ஐத் தாண்டினா ரெஜிஸ்ட்ரேஷனே கேன்சல். ஆனா சாஃப்ட்வேருக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒத்துப்போற வரிங்கதான், அது திருட்டா இல்லையான்னு மனுஷன் உக்காந்து பாக்கணும். ரெஃபரன்ஸ் லிஸ்ட், சட்டப் பிரிவு, ஸ்டாண்டர்ட் ஈக்குவேஷன், பேர் சொல்லி முறையா எடுத்த மேற்கோள், இதையெல்லாம் கழிச்சிட்டுத்தான் கணக்கு போடணும்னு அதே விதிமுறைல இருக்கு. கழிக்காம பாத்து 18னு வந்த தீசிஸ் சுத்தமா இருக்கலாம், 6னு வந்ததுல அடுத்தவனோட ரிசல்ட் ஒரு பாரா அப்படியே உக்காந்திருக்கலாம்.

இப்ப பெரிய தலைவலி, பர்சென்ட் குறைச்சுத் தர்றோம்னு காசு வாங்குறவங்கதான். அவங்க பண்றது என்னன்னா ஒவ்வொரு வார்த்தைக்கும் பதிலா அதே அர்த்தத்துல இன்னொண்ண மாத்திப் போடுற சாஃப்ட்வேர்ல தள்ளிடுவாங்க, 'பிக் டேட்டா' போய் 'கொலாசல் இன்ஃபர்மேஷன்' ஆகிடும், 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' போய் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்', 'பிரெஸ்ட் கேன்சர்' போய் 'புஸம் பெரில்' (bosom peril)! சிரிக்காதீங்க, இதெல்லாம் ஜர்னல்ல அச்சானது, பிரான்ஸ்ல இருக்குற கம்ப்யூட்டர் விஞ்ஞானி கியோம் கபனாக்கும் அவரோட சேந்தவங்களும் 2021ல இத மாதிரி நிறைய புடிச்சு வெளிய கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம் இந்த வார்த்தைங்களையே தூண்டிலா வச்சு பேப்பரைத் தேடுறாங்க. (ரிவியூ பண்ணவங்க அத படிச்சாங்களான்னுதான் எனக்குப் புரியல.)

அதனால ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கலர் அடிச்ச இடங்களை ஒண்ணு ஒண்ணா தெறந்து பாருங்க. ஒரிஜினலை மூடி வச்சிட்டு புரிஞ்சத சொந்தமா எழுதுங்க, எழுதினாலும் யாரோடதுன்னு பேர் போடணும், ஐடியா அவரோடதுதானே. உங்க பேப்பர்லயே முன்னாடி வந்த பகுதின்னா அதையும் சொல்லிடுங்க.

பட்டம் வாங்கியாச்சு, இனி யாரு பாக்கப் போறான்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு, தீசிஸ் சோத்கங்கால, அதாவது இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களைச் சேத்து வைக்கிற ஆன்லைன் களஞ்சியத்துல, ஏறிடுது, யாரு வேணா எப்ப வேணா எடுத்துப் படிக்கலாம், பின்னாடி நிரூபணமாச்சுன்னா பட்டத்தையே நிறுத்தி வைக்கவும் அதே விதிமுறைல வழி இருக்கு.