புலிக்கு கேரண்டி தர நாம் யார்?

நீலகிரியில், முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடிப் பக்கம் இயற்கை வழிகாட்டியாக வேலை செய்கிறேன். ரூம் வாடகையைக் கேட்பதற்கு முன்பே பலர் கேட்பது, "புலி கண்டிப்பா பார்க்கலாமா சார்?" உறுதி சொல்ல முடியாது என்றால் வேறு ஆளுக்குப் போன் போடுகிறார்கள். அந்த ஆள் 'கேரண்டி' என்கிறார். அதை அவர் எப்படி நிறைவேற்றுகிறார் என்பது தெரிந்தால் நீங்கள் காசு கொடுக்க மாட்டீர்கள்.

இரவில் ஜீப்பில் ஏற்றி, காட்டோர ரோட்டில் ஸ்பாட்லைட் அடித்துச் சுற்றுவார்கள். அதற்கு இங்கே அனுமதியே கிடையாது. விடுதிக்குப் பின்னால் உப்பும் பழமும் போட்டு மானையும் கரடியையும் பழக்குவார்கள். ஆந்தைப் படம் வேண்டுமென்றால் ஸ்பீக்கரில் அதன் குரலைப் போடுவார்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆந்தை புகுந்துவிட்டதென்று பதறி அது வெளியே வரும். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரம், இல்லாத எதிரியைத் தேடுவதில் போய்விடும்.

தீனிக்குப் பழகிய விலங்கு விடுதி வாசலுக்கே வரும். வந்தால் விரட்டுவார்கள். 2021 ஜனவரியில் மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஒரு ஆண் யானை மீது எரியும் டயரை எறிந்தார்கள். காது வெந்த அந்த யானை பிழைக்கவில்லை.

"நாங்கள் வேட்டையா ஆடுகிறோம்?" என்று கேட்பவர்கள் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்க வேண்டும். இரை வைத்து இழுப்பதும், விரட்டுவதும், அதற்கான முயற்சியும் அதில் வேட்டைக் கணக்கில்தான் சேரும்.

இந்த நீலகிரியில் வேட்டையைக் கட்டுப்படுத்த 1879-லேயே சட்டம் வந்தது. அன்றைக்குத் துப்பாக்கிக்காரரைக் கூட்டிப்போனவரும், இன்றைக்குக் கேமராக்காரரைக் கூட்டிப்போகும் நானும் விற்பது காட்டைப் பற்றிய அறிவை. அதற்குக் கூலி வாங்குவதில் தப்பில்லை. விலங்கு என்னுடையது இல்லையே! இயற்கை வளங்களுக்கு அரசு வெறும் அறங்காவலர்தான் என்று 1996-ல், பியாஸ் ஆற்றங்கரை விடுதி ஒன்றைப் பற்றிய கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுக்கே அவ்வளவுதான் உரிமை என்றால் ஒரு ரிசார்ட்டுக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஜீப் ஓட்டும் பையன்களை மட்டும் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சம்பளம் குறைவு, டிப்ஸோ விலங்கு கண்ணில் பட்டதா என்பதைப் பார்த்துத்தான் கிடைக்கிறது. அப்புறம் அவர்கள் என்ன செய்வார்கள்?

அதனால் புலி வந்ததா என்று பார்த்து டிப்ஸ் கொடுக்காதீர்கள். தெப்பக்காட்டில் வனத்துறையே சஃபாரி நடத்துகிறது, அதில் போங்கள். விலங்கைப் பார்த்த இடத்தை உடனே வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். யாராவது கேரண்டி என்றால் "எப்படி?" என்று கேளுங்கள். ராத்திரி ரவுண்டு, உப்பு, ஸ்பீக்கர் என்று பதில் வந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.