ஒரு கிலோமீட்டருக்குள் வீடு: தனியார் பள்ளியின் 25 சதவீத இலவச இடத்தில் எங்கெங்கே ஏமாறுகிறோம்

வீட்டில் எல்.கே.ஜி. சேர்க்கும் வயதில் குழந்தை இருந்தால், பள்ளியைத் தேடுவதற்கு முன் உங்கள் ஆதாரில் எந்த முகவரி இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளியில் இலவச இடம் கிடைப்பதும் கை நழுவுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மை நிறுவனங்கள் தவிர்த்த தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும்வரை கல்விக் கட்டணத்தை அரசே பள்ளிக்குக் கொடுக்கும். தமிழ்நாட்டில் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இந்த ஒரு கிலோமீட்டர்தான் பாதிப் பேரைக் கழித்துக் கட்டுகிறது. பேர் வாங்கிய மெட்ரிக் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகை என்னவென்று எந்த புரோக்கரைக் கேட்டாலும் சொல்வார். அந்த வாடகை கொடுக்க முடியாதவர்களுக்காக வந்த சட்டம், அங்கே குடியிருந்தால்தான் இடம் என்கிறது. பணம் இருந்தாலும், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு வீடு இல்லை என்று அனுப்பும் ஓனர்களுக்குக் குறைவில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று இருக்கும் கிராமங்களிலும் பள்ளி ஊர்ப் பக்கம்தான் இருக்கும். சென்னையில் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு, நகருக்குள் இருந்த பள்ளிகள் எல்லாமே இந்த எல்லைக்கு வெளியே போய்விட்டன. விதியை எழுதியவர்கள் வரைபடத்தில் வட்டம் போட்டார்கள். அந்த வட்டத்துக்குள் யார் குடியிருக்க முடிகிறது என்று பார்க்கவில்லை.

சரி, பள்ளிக்காகவே வீடு மாறப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில். மார்ச் கடைசியில் குடிபோனால் முகவரியை மாற்றவே நேரம் இருக்காது. ஆதாரில் முகவரி மாற்ற வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். ஓனரோ, "அதெல்லாம் எதுக்கு? வாடகையைக் கையில கொடுங்க போதும்" என்பார். ரேஷன் கார்டில் அவர் வீட்டு விலாசத்தைப் போட்டால் வீடே கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிற ஓனர்களும் உண்டு. அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுவிடுங்கள். வீடு மாறிவிட்டால் மட்டும் இடம் உறுதி என்றும் நினைக்காதீர்கள். இருக்கிற இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். குலுக்கலை நம்பிக் கடன் வாங்கி வீடு மாறாதீர்கள். பொய் முகவரியும் வேண்டாம், சிக்கினால் விண்ணப்பம் தள்ளுபடி.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வரைபடத்தில் உங்கள் வீட்டைக் குறிக்கும் இடத்தில், அவசரத்தில் சென்டர்காரர் வேறொரு தெருமுனையில் அமுக்கிவிட்டால் நீங்கள் கேட்ட பள்ளி பட்டியலிலேயே வராது. "உங்க ஏரியாவுல ஸ்கூல் இல்லம்மா" என்று சொல்லி எழுந்துவிடுவார். விண்ணப்பிக்க அரசுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இன்னொரு வீண் அலைச்சல் வருமானச் சான்று. இரண்டு லட்சம் ரூபாய்க்குக் கீழ் என்ற வரம்பு 'நலிவடைந்த பிரிவு' என்று விண்ணப்பிப்பவர்களுக்குத்தான். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்கள் சாதிச் சான்றை வைத்து 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு' என்று விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று கூலி வேலையை விட்டுவிட்டு அலைகிறவர்கள் எத்தனையோ பேர். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும் விஷயம்.

பள்ளியில் சொல்லும் சாக்குகளும் பழசுதான். "நாங்க மைனாரிட்டி" என்றால் சிறுபான்மைத் தகுதிச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். "சீட் முடிஞ்சுது" என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்த புகார் புகாரே அல்ல. குழந்தையை நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதும் நன்கொடை கேட்பதும் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி தவறு.

இடம் கிடைத்த பிறகும் புத்தகம், சீருடை, 'ஆக்டிவிட்டி' என்று பில் நீட்டுவார்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் நிதி வராமல் 2025-இல் சேர்க்கையே அக்டோபர்வரை தள்ளிப்போனது. அரசும் பள்ளியும் கணக்கை எப்படித் தீர்த்தாலும் சரி, அரசுப் பணம் வரவில்லை என்று உங்களிடம் கல்விக் கட்டணம் கேட்க முடியாது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியிலிருந்து வெளியேற்றவும் முடியாது, அது 16-ஆம் பிரிவு. ஆனால் நீங்களாக வேறு தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த இலவச இடம் உங்களோடு அங்கே வராது. வீடு மாறும் எண்ணம் இருப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம். அப்போது அரசுப் பள்ளிக்கு மாறி பன்னிரண்டு வரை படித்தால், மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும், பெண் பிள்ளைகள் என்றால் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் கேட்க வழி உண்டு. அதற்கு, எட்டாம் வகுப்புவரை ஆர்.டி.இ.யில் படித்தார் என்ற சான்று தேவைப்படும். டி.சி. வாங்கும் அன்றே அதையும் சேர்த்து எழுதி வாங்கிவிடுங்கள்.