பிதுக்குப் பருப்பும் நீண்ட இரவுகளும்

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்குச் சாயங்காலம் ஒரு தள்ளுவண்டி வரும். வண்டி நிறைய அவரைக்காய். தெருவில் பாதி வீடுகளில் தமிழ், மீதி வீடுகளில் கன்னடமும் தெலுங்கும். ஆனால் வண்டியைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். விலை கேட்பதற்கு முன்னால் ஒரு கை காயை அள்ளி மூக்கருகே கொண்டுபோவார்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டு அஜ்ஜி, அதாவது பாட்டி. கல்யாணமாகி இங்கே வந்த முதல் வருஷம், பச்சைப்பசேலென்று பளபளப்பாக இருந்த காய்களாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அஜ்ஜி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கண்ணால பார்த்து வாங்கற காயாம்மா இது? மூசி நோடு" என்றார். மோந்து பார். மோந்தேன். கொத்தமல்லித் தழையைக் கசக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை. ஆனால் அதைவிடக் கனமானது, எண்ணெய்ப் பசை உள்ளது. கன்னடத்தில் அதற்குச் சொகடு என்று பெயர். சொகடு இல்லாத காயை அஜ்ஜி சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். அவரைக்காய் என்றால் எங்களுக்குத் தோலோடு நறுக்கிப் பொரியல் செய்கிற காய். மொச்சை என்றால் பொங்கல் குழம்பில் விழும் கொட்டை. இரண்டும் ஒரே தாவர இனம் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. தாவரவியலில் இரண்டுக்கும் லாப்லாப் பர்பூரியஸ் என்றே பெயர். தோட்டத்து அவரையில் விதைகள் காயின் நீளவாக்கில் படுத்திருக்கும், வயல் மொச்சையில் குறுக்காக நிற்கும். பெங்களூர்க்காரர்கள் அவரேக்காய் என்று கொண்டாடுவது இந்த வயல் மொச்சையைத்தான். பக்கத்து ஊரான மாகடியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். விஷ்வேஷ்வரபுரம் சஜ்ஜன் ராவ் சதுக்கத்தில் இதற்கென்றே மேளா நடத்திய ஊர் இது. தோசை, உப்புமா, அக்கி ரொட்டி என்று எதைத் தொட்டாலும் அதில் இந்தக் கொட்டை இருக்கும்.

சரி, இது ஏன் இந்த நாட்களில் மட்டும் இப்படிக் கொட்டுகிறது? குளிர் வந்ததால் காய்க்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். குளிர் அல்ல, முதல் காரணம் இரவின் நீளம்.

அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்டு என்று இரண்டு பேர் இருந்தார்கள். சோயா மொச்சையில் ஒரு ரகத்தைச் சில வார இடைவெளி விட்டு விட்டு விதைத்துப் பார்த்தார்கள். முதலில் விதைத்தது முதலில் பூக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? எல்லாச் செடிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. அப்புறம் செடிகளைத் தினமும் சில மணி நேரம் இருட்டறைக்குள் தள்ளி, பகலைச் செயற்கையாகக் குறைத்தார்கள். கோடைக் காலத்திலேயே பூ வந்துவிட்டது. 1920-இல் வெளியான இந்த ஆய்வுதான், செடிகள் பகலிரவின் நீளத்தை அளக்கின்றன என்று உலகத்துக்குச் சொன்னது. 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் வேறொரு செடியை வைத்து இன்னொரு படி போனார்கள். நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தால் போதும், அந்தச் செடி பூக்கவில்லை. ஆக, செடி கணக்குப் பார்ப்பது பகலை அல்ல, இடையூறில்லாத இருட்டை.

மரபான அவரையும் அந்த வகைதான். இலைகளில் ஃபைட்டோகுரோம் என்று ஒரு நிறமி இருக்கிறது. வெயிலில் உள்ள சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறும், இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். செடிக்குள் நமக்கு இருப்பது போலவே 24 மணி நேர உடல் கடிகாரமும் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து, இன்றைய இரவு போதுமான நீளம் என்று காட்டினால், இலை ஒரு சிறிய புரதத்தைச் செய்து தண்டு வழியாகக் கொழுந்துக்கு அனுப்பும். அதுவரை இலையாக விரிந்துகொண்டிருந்த கொழுந்து அப்போதுதான் பூவுக்கு மாறும்.

இதில் என்னை வியக்க வைப்பது வித்தியாசம் எவ்வளவு சின்னது என்பதுதான். பெங்களூர் பூமத்திய ரேகைக்கு வெறும் 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஜூன் கடைசியில் இங்கே பகல் சுமார் 12 மணி 50 நிமிடம், டிசம்பர் கடைசியில் சுமார் 11 மணி 20 நிமிடம். வருஷம் முழுவதற்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். நாம் பலரும் கவனிக்கக்கூட மாட்டோம். அதை வைத்து அவரைக்கொடி தன் பருவத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஆடியில் ராகிக்கு நடுவே ஊடுபயிராக விதைத்ததும், தள்ளி விதைத்ததும் ஒன்றையொன்று எட்டிப் பிடித்து ஒரே பருவத்தில் சந்தைக்கு வருவது இதனால்தான்.

இந்தக் கணக்கின் விடையை நம் ஆட்கள் மிகப் பழைய காலத்திலேயே பார்த்து வைத்திருந்தார்கள். குறுந்தொகையின் 82-ஆம் பாட்டில் தலைவன் வராத ஏக்கத்தைச் சொல்கிறவள், காலத்தைக் குறிப்பதற்கு 'அவரை பூக்கும் அரும்பனி அச்சிரம்' என்கிறாள். அச்சிரம் என்றால் முன்பனிக்காலம். குறவன் தினை கொய்த தாளில் அந்த அவரை படர்ந்திருக்கிறது. சிறுதானியக் கொல்லையில் அவரை, இரவு நீளும் மாதத்தில் பூ. மாகடிப் பக்கத்து ராகிக் கொல்லையில் இன்றைக்கும் பார்க்கலாம்.

இப்போது வருஷம் முழுக்க அவரைக்கொட்டை கிடைக்கிறதே என்று கேட்கலாம். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் ஹெப்பாள் அவரே என்ற பெயரில் சில ரகங்களை உருவாக்கியது. ஹெப்பாள் அவரே 3, ஹெப்பாள் அவரே 4 இரண்டும் இரவின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும். விவசாயிக்கு எந்த மாதமும் வருமானம் என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் மே மாதத்துக் காயை மோந்து பார்த்துவிட்டு நான் பெரும்பாலும் கீழே வைத்துவிடுகிறேன்.

அந்த வாசனைக்கு வருவோம். காயின் மேல்தோல் ஒரு எண்ணெய்ப் பொருளைக் கசியவிடுகிறது. அதில் முக்கியமானவை இரண்டு கொழுப்பு அமிலங்கள்: டோடெசினோயிக் அமிலம், டெட்ராடெசினோயிக் அமிலம். முதலாவதில் 12 கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும், இரண்டாவதில் 14. பெயர்களை மறந்துவிடலாம். கொத்தமல்லித் தழையின் வாசனைக்குக் காரணமான பொருள்களில் ஒன்று இதே 12 கார்பன் சங்கிலிதான். அதன் நுனியில் அமிலத்துக்குப் பதிலாக ஆல்டிஹைடு என்ற வேறொரு அணுக்கூட்டம் இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. முதல் நாள் என் மூக்குக்குக் கொத்தமல்லி நினைவு வந்தது வீண் கற்பனை இல்லை என்று தெரிந்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

நீளமான சங்கிலி என்பதால் இது சட்டென்று ஆவியாகிப் போகாது, தண்ணீரிலும் கரையாது. அதனால்தான் காய் உரித்த கையை எத்தனை முறை கழுவினாலும் பிசுபிசுப்பு விடுவதில்லை, மறுநாள் காலையிலும் விரலில் சொகடு இருக்கிறது. எண்ணெயில் கரையும் என்பதால் நான் கொட்டையை வேகவைக்கும் முன் ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கிக்கொள்கிறேன். அந்த மணம் குழம்பு முழுவதும் பரவும்.

அடுத்தது பிதுக்கும் வேலை. உரித்த பச்சைக் கொட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலிடுக்கில் அழுத்தினால் உள்ளே இருக்கும் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கன்னடத்தில் ஹிதகபேளே. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழில் பிதுக்குப் பருப்பு. ஒரு குழம்புக்கு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பிதுக்க வேண்டும். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை, பருப்பு சுவர்வரை பறக்கும்.

ஆனால் தோல் ஏன் இவ்வளவு சுலபமாகக் கழன்று வருகிறது? ஆப்பிளின் தோலைப் பிதுக்கி எடுக்க முடியுமா? இதற்குப் பதில் விதை உருவாகும் விதத்தில் இருக்கிறது. பூவின் சூலகத்துக்குள் இருக்கும் சூலைச் சுற்றி உறைகள் உண்டு. அவை தாய்ச்செடியின் சொந்தத் திசு. கருவுற்ற பிறகு அந்த உறைதான் விதைத்தோல் ஆகிறது. உள்ளே வளரும் பருப்போ கரு, அடுத்த தலைமுறை. அதாவது தோல் தாயுடையது, பருப்பு பிள்ளை. இரண்டும் ஒரே கொட்டையில் இருந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தவை அல்ல.

தொடக்கத்தில் இரண்டுக்கும் நடுவே கருவுக்கு உணவாக இன்னொரு திசு இருக்கும். நெல்லிலும் கோதுமையிலும் அது கடைசிவரை தங்கிவிடும், நாம் சாப்பிடும் அரிசி பெரும்பாலும் அதுதான். அவரைக் குடும்பத்தில் கரு அதை வளரும்போதே தின்று தீர்த்துவிடும். தின்றதைத் தன் இரண்டு பருப்புகளில் மாவாகவும் புரதமாகவும் சேர்த்துக்கொள்ளும். கடைசியில் மிஞ்சுவது பருப்பும் அதன்மேல் போர்த்திய தோலும் மட்டும். நடுவில் ஒட்டவைக்க ஒன்றும் இல்லை.

தண்ணீர் அந்தப் போர்வையைத் தளர்த்துகிறது. காய்ந்த மொச்சையை ஊறப்போட்டுப் பார்த்தால் நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தோல் மட்டும் சுருக்கம் சுருக்கமாக எழும்பும். தோல் சீக்கிரம் தண்ணீரைக் குடித்து அகன்றுவிடும், அடர்த்தியான பருப்பு பின்தங்கும். சின்னப் பிள்ளைக்குப் பெரிய சட்டை போட்ட மாதிரி. பச்சைக் கொட்டையிலும் ஊறிய தோல் இப்படித் தளர்ந்துகொடுக்கும். கொட்டையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மூக்கு இருக்கிறதே, அதுதான் அது காயோடு ஒட்டியிருந்த இடம், தாயிடமிருந்து உணவு வந்த வழி. தோல் அங்கே தடிமன். அதைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் மெல்லிய எதிர்ப்பக்கம் கிழிந்து பருப்பு வந்துவிடும். ரொம்பப் பிஞ்சாக இருந்தால் பருப்பும் சேர்ந்து நசுங்கும், முற்றிவிட்டால் தோல் முரண்டு பிடிக்கும். நடுப்பதம்தான் வேண்டும்.

முதல் வருஷம் எனக்குப் பிதுக்கவும் வந்தது, வதக்கவும் வந்தது. குழம்பில்தான் கோட்டை விட்டேன். புளியைக் கரைத்து ஊற்றி அதிலேயே பருப்பைப் போட்டேன். முக்கால் மணி நேரம் கொதித்தும் மசியவில்லை. அஜ்ஜி ஒரு பருப்பை வாயில் போட்டுப் பார்த்து, "புளி முதல்ல போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசை பெக்டின். வேகும்போது அது கரைந்து செல்கள் பிரிவதைத்தான் நாம் மசிந்துவிட்டது என்கிறோம். புளியின் அமிலம் அதைக் கரையவிடாது. உப்புத்தண்ணீரில் இருக்கும் கால்சியமும் பெக்டின் இழைகளை இறுகக் கட்டிவிடும். போர்வெல் தண்ணீர் வரும் நாளில் காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பருப்பு வேகவைக்கிறவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள். போதாததற்கு இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடேறாது. தஞ்சாவூர்ப் பக்குவத்தில் நான் கணக்குப் போட்ட நேரம் இங்கே போதவில்லை. குக்கரில் வைத்தால் 120 டிகிரியை நெருங்கும், இந்தக் குறை தீரும்.

வேகவைத்த கொட்டைக்காகவே இந்த ஊருக்குப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. பசியோடு வந்த ஹொய்சள அரசன் வீரபல்லாளனுக்கு ஒரு கிழவி வெந்த கொட்டை கொடுத்தாளாம், அதனால் பெந்தகாளூரு ஆனதாம். அழகான கதை. ஆனால் அவன் 12-ஆம் நூற்றாண்டுக்காரன், பேகூர்க் கோயில் கல்வெட்டில் 9-ஆம் நூற்றாண்டிலேயே பெங்களூர் என்ற பெயர் வந்துவிட்டது.

நன்றாக வேகவைப்பது ருசிக்காக மட்டும் அல்ல. பச்சை மொச்சையை அப்படியே மெல்லக் கூடாது. குடலைப் படுத்தும் லெக்டின் புரதங்களும், செரிமான நொதியைத் தடுக்கும் பொருள்களும் அதில் உண்டு. கொதிக்கவைத்தால் அவை செயலிழந்துவிடும். காய்ந்த கொட்டையில் சயனைடு தரக்கூடிய சேர்மங்களும் இருப்பதால், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைப்பது அவசியம். வாயு பிடிக்கும் என்பதற்குக் காரணம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். அவற்றை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை, பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் உடைக்கும். ஊறவைத்த தண்ணீரோடு அதில் ஒரு பங்கும் போய்விடும்.

அஜ்ஜிக்கு இப்போது 80 தாண்டிவிட்டது. கண் சரியாகத் தெரிவதில்லை. தள்ளுவண்டி வந்தால் நான் காய் அள்ளிக்கொண்டு போய் அவர் மூக்கருகே நீட்டுவேன், தலையசைத்தால் வாங்குவேன். மறுநாள் காலையில் ஊறிய கொட்டையைச் சொம்பில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவேன். வெள்ளை மூக்கு எந்தப் பக்கம் என்று அவர் விரல் தானாகத் தேடிக்கொள்கிறது. நான் ஒரு கிண்ணம் பிதுக்குவதற்குள் அவர் இரண்டு கிண்ணம் முடித்துவிடுகிறார்.