நேரம் தவறுவதை வைத்து கோளை எடைபோடுவது எப்படி?

கும்ப ராசிப் பக்கம், சுமார் 40 ஒளியாண்டு தொலைவில், டிராப்பிஸ்ட்-1 என்று ஒரு சிவந்த குட்டி விண்மீன் இருக்கிறது. நம் வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதைச் சுற்றி ஏழு கோள்கள், எல்லாமே ஏறக்குறைய பூமி அளவு. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் கிய்யோன் குழுவினர் 2017 பிப்ரவரியில் இதை அறிவித்தார்கள்.

இந்த ஏழில் ஒன்றைக்கூட யாரும் நேராகப் படம் பிடித்ததில்லை. ஆனாலும் ஒவ்வொன்றின் எடையும் நமக்குத் தெரியும். என்னை இன்றும் வியக்க வைப்பது இதுதான்.

ஒரு கோள் விண்மீனுக்கு முன்னால் கடந்து போகும்போது வெளிச்சம் துளி குறையும். உள்ளே இருக்கும் முதல் கோளான 'பி' கடந்தால் இங்கே குறைவது ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். அந்தக் குறைவை வைத்துக் கோளின் விட்டத்தைக் கணக்கிடலாம். எடையை? முடியாது. பஞ்சு உருண்டைக்கும் இரும்புக் குண்டுக்கும் நிழல் ஒன்றுதானே.

கோள் தனியாக இருந்தால் கதை அங்கேயே நின்றுவிடும். கடிகாரம் போலச் சம இடைவெளியில் கடந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் இன்னொரு கோள் இருந்தால் அது இழுக்கும், நேரம் தவறும். டிராப்பிஸ்ட்-1-இல் இந்தத் தவறு சில பத்து விநாடிகளிலிருந்து அரை மணி நேரத்துக்கும் மேல் போகிறது.

ஓர் இழுப்பை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். வெளியே உள்ள கோள் சற்று முன்னால் நின்று உள்கோளை முன்பக்கமாக இழுக்கிறது. அப்படியானால் உள்கோள் சீக்கிரம் வர வேண்டும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. அந்த இழுப்பில் ஆற்றல் கூடுவதால் அது சற்றே பெரிய பாதைக்குப் போய்விடும். பெரிய பாதையில் சுற்று முடிய நேரம் கூடும். ஆக, முன்னால் இழுக்கப்பட்ட கோள் தாமதமாக வருகிறது! எவ்வளவு தாமதம் என்பது இழுத்த கோளின் எடையைப் பொறுத்தது.

ஒரே ஓர் இழுப்பு மிகச் சிறியது, அளக்கவே முடியாது. ஆனால் இந்தக் கோள்களின் சுற்றுகளுக்குள் ஒரு தாளக்கட்டு இருக்கிறது. ஏறக்குறைய 12 நாளில் 'பி' 8 சுற்று, 'சி' 5 சுற்று, 'டி' 3 சுற்று, 'இ' 2 சுற்று முடிக்கின்றன. அதனால் இரண்டு கோள்கள் சந்திக்கிற இடம் பெரிதாக மாறுவதில்லை. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவது மாதிரி இழுப்புகள் சேர்ந்துகொண்டே போகும்.

கடைசிக் கோள் 'ஹெச்' கதையையும் சொல்லியாக வேண்டும். 2016-இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி ஏறத்தாழ 20 நாள் விடாமல் பார்த்தும் அது ஒரே ஒரு முறைதான் கடந்தது. ஒரு தடவை பார்த்ததை வைத்து அதன் சுற்றுக்காலத்தைச் சொல்ல முடியாது. ரோட்ரிகோ லூகர் குழுவினர் அந்தத் தாளக்கட்டை நம்பி, 18.77 நாளாக இருக்க வேண்டும் என்று கணித்தார்கள். கெப்ளர் தொலைநோக்கியின் பதிவில் தேடினால், சொன்ன இடத்தில் சரியாக அது இருந்தது.

எரிக் ஏகோல் குழு 2021-இல் நூற்றுக்கணக்கான கடப்பு நேரங்களைச் சேர்த்துக் கணக்கிட்டதில் ஏழு கோள்களின் எடையும் சில சதவீதத் துல்லியத்தில் கிடைத்தது. ஏழின் பொருட்சேர்மானமும் ஒரே மாதிரி. ஆனால் பூமியைப் போன்ற சேர்மானம் இருந்தால் வரவேண்டிய அடர்த்தியைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. இரும்பு குறைவாக இருக்கலாம், அல்லது நீர் இருக்கலாம்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தவரை 'பி'-யில் காற்று மண்டலம் இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்து 'இ' மேல்தான் எல்லார் கண்ணும். அங்கே காற்று இருந்தால் அது எவ்வளவு உயரத்துக்குப் பரவி நிற்கும் என்பதை அந்தக் கோளின் ஈர்ப்பு தீர்மானிக்கிறது. அதைக் கணக்கிட முதலில் எடை வேண்டும். அது கையில் இருக்கிறது.