அழிந்த குறிப்பைத் தேடுமுன் போனைக் கணினியில் செருகவேண்டாம்

இறந்தவரின் அந்தியேட்டிக்கு அச்சிடவேண்டிய கல்வெட்டு எனும் நினைவுமலரின் வரைவு, சீட்டுக்காசு யார் யார் கட்டினார்கள் என்ற கணக்கு, அம்மா கிளினிக்கில் எடுக்கும் மருந்துகளின் அளவு: யாழ்ப்பாணத்தில் போன் திருத்தும் தொழிலில் இருக்கும் என்னிடம், அழிந்துவிட்டதென்று கொண்டுவரப்படும் குறிப்புகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. படங்களைப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைப்பவர்கள்கூட இவற்றை அப்படி வைப்பதில்லை.

ஐபோன் பாவிப்பவர்கள் முதலில் நோட்ஸ் செயலியில் உள்ள 'ரீசன்ட்லி டிலீற்றட்' கோப்புறையைத் திறந்து பார்க்கவேண்டும். அழித்த குறிப்பு அங்கே 30 நாட்கள் கிடக்கும்; கூகிள் கீப்பின் குப்பைத்தொட்டியிலோ 7 நாட்கள்தான். ஜிமெயில் கணக்கின் கீழ் எழுதிய குறிப்புகள், அந்தக் கணக்கைப் போனிலிருந்து நீக்கியவுடன் கண்ணுக்கு மறைந்துவிடுமே தவிர அழிவதில்லை. கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் 'நோட்ஸ்' என்ற லேபலின் கீழ் இருக்கும். எங்கள் ஊரில் குறிப்பு மறைய இன்னொரு காரணமும் உண்டு. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா தன் பழைய போனை அனுப்பும்போது தனது ஆப்பிள் கணக்கையும் அப்படியே விட்டுவிடுவார்; பிறகு அங்கே அவர் தனக்கு வேண்டாததென்று ஒரு குறிப்பை அழிக்க, இங்கே தங்கையின் போனிலும் அது இல்லாமற் போய்விடும்.

இவை எதுவும் கைகொடுக்காதபோது மிஞ்சுவது கணினியில் உள்ள காப்புப்பிரதி, அதாவது பக்கப்தான். அதை எடுக்கும் செயலிகளான ஐரியூன்ஸ், விண்டோஸுக்கான புதிய ஆப்பிள் டிவைசஸ் செயலி, 2019இல் வந்த மக்ஓஎஸ் கற்றலினாவோ அதற்குப் பிந்திய பதிப்போ உள்ள மக் கணினிகளில் ஃபைண்டர் ஆகியவை பொதுவாக ஒரு போனுக்கு ஒரு பிரதியையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அதையே புதுப்பிக்கின்றன. பல கணினிகளில் போனைச் செருகியவுடன் காப்புப்பிரதி தானாக எடுபடும். ஆகவே, பழைய குறிப்பைத் தேடலாம் என்று கேபிளைச் செருகும் அந்தக் கணத்திலேயே, குறிப்பு இல்லாத இன்றைய நிலை பழைய பிரதியின் மேல் எழுதப்படத் தொடங்கிவிடும். மீட்கக்கூடியதாக இருந்த குறிப்புகள் கைநழுவிப் போவதை நான் அதிகம் கண்டது இந்த இடத்தில்தான்.

எனவே போனைச் செருகாமலே, பிரதி இருக்கும் கோப்புறையைக் கண்டுபிடியுங்கள். விண்டோஸில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேற்றா, ரோமிங், ஆப்பிள் கொம்பியூட்டர், மொபைல்சிங்க், பக்கப் என்ற வரிசையில் அது இருக்கும். ஆப்டேற்றா மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால் மறைந்தவற்றைக் காட்டும்படி முதலில் அமைக்கவேண்டும். அந்தச் செயலியை மைக்ரோசொஃப்ட் ஸ்டோரிலிருந்து நிறுவியிருந்தால், பயனர் கோப்புறையிலேயே 'ஆப்பிள்' என்றொரு கோப்புறை தெரியும். அந்தப் பக்கப் கோப்புறையை முழுவதுமாக வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதிசெய்தபின்பே மற்ற வேலை.

அதைத் திறந்து பார்ப்பவர்கள் குழம்புவது இயல்பு. 40 எழுத்து நீளமான பெயர்களுடன் ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடக்கும். அவற்றுள் ஒன்றுதான் குறிப்புகளின் தரவுத்தளம். 2015இல் வந்த ஐஓஎஸ் 9 முதல் குறிப்பின் உடற்பகுதி சுருக்கிச் சேமிக்கப்படுவதால், அந்தக் கோப்பைச் சாதாரணமாகத் திறந்து தேடினால் எழுதியது கண்ணில் படாது. படாததால் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அதைப் பிரித்து வாசிக்கும் மென்பொருட்கள் உண்டு. காசு கட்டுமுன், உங்கள் குறிப்பின் தலைப்பை இலவச முன்னோட்டத்தில் அது காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாத மென்பொருளுக்குக் காசு கொடுக்க நான் சொல்வதில்லை.

போனிலேயே 'ரீஸ்டோர்' செய்வது கடைசி வழி. அது போன் முழுவதையும் பழைய திகதிக்குக் கொண்டுபோய்விடும். இடையில் எடுத்த படங்களும் வந்த செய்திகளும் போனில் இராது. வேறொரு ஐபோனை இரவல் வாங்கி அதில் ஏற்றிப் பார்ப்பது பாதுகாப்பானது, ஆனால் அதன் ஐஓஎஸ் பதிப்பு பிரதி எடுத்தபோது இருந்ததைவிடப் பழையதாக இருக்கக்கூடாது.

பூட்டிய காப்புப்பிரதியாயின் கடவுச்சொல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. போனின் அமைப்புகளை மீளமைத்தால் இனி எடுக்கும் பிரதிக்குப் புதிய கடவுச்சொல் வைக்கலாம், பழைய பிரதி அதனால் திறபடாது. அந்தப் பூட்டு போனுடனேயே வருவது என்பதால், முழுதாக அழிக்காமல் லண்டனிலிருந்து வந்த போனில் அதைப் போட்டவர் மாமாவாகவும் இருக்கலாம். அவருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டு, போனை மட்டுமன்றி மடிக்கணினியையும் கொண்டு வாருங்கள்.